பல பூனைகள் உள்ள வீட்டில் ஸ்லோ ஃபீடர் தட்டு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. மூத்தவள் பொட்டுக்கு இப்போது 12 வயது ஆகிறது. அவளுடைய மகள் அல்லி, பக்கத்துத் தெருவிலிருந்து தானாகவே வந்து சேர்ந்த மாரி, 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வேளச்சேரியில் ஒரு மழைநீர் வடிகாலின் ஓரத்தில் இரண்டு மாதக் குட்டியாகக் கிடைத்த செவலை ஆகியோர் மற்ற மூவர். செவலை உணவை விழுங்கும் வேகத்தைக் குறைப்பதற்காக 2022 ஆகஸ்டில் முதல் ஸ்லோ ஃபீடர் தட்டை, அதாவது உள்ளே இருக்கும் மேடு பள்ளங்களால் பூனையை மெதுவாக உண்ண வைக்கும் தட்டை, வாங்கினேன். அதற்குப் பிறகு வாங்கியவை, மாற்றியவை, வேண்டாம் என்று விட்டவை அனைத்தையும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

செவலை 25 கிராம் உலர் உணவை முக்கால் நிமிடத்திற்குள் முடித்துவிடுவான். பத்து நிமிடம் கழித்து, சிறிதும் மெல்லப்படாத உருண்டைகள் அப்படியே நீள உருளை வடிவில் தரையில் கிடக்கும். விடியற்காலை ஐந்தரை மணி உணவுக்குப் பிறகுதான் இது அதிகம் நடந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் அந்தத் தேதியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். 2022 ஜூலை மாதத்தில் 11 கோடுகள் இருந்தன.

எந்தத் தட்டையும் வாங்குவதற்கு முன்பு கால்நடை மருத்துவரிடம் போனது நல்லதாயிற்று. குழந்தை பால் கக்குவதைப் போல, முயற்சி ஏதும் இல்லாமல் உண்ட சில நிமிடங்களில் உணவு அப்படியே வெளியே வருவது வேறு; வயிறு குலுங்க ஓங்கரித்து வாந்தி எடுப்பது வேறு என்று அவர் விளக்கினார். முன்னது பெரும்பாலும் உணவு இரைப்பையில் தங்குவதற்கு முன்பே திரும்பி வருவது என்றும், பின்னது வயிறு, குடல், சிறுநீரகம் எனப் பல உறுப்புகளின் கோளாறைக் காட்டக்கூடும் என்றும் சொன்னார். நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காணொளி அப்போது மிகவும் உதவியது. பசி அடங்காமல் உண்பதற்குக் குடற்புழுவும் காரணமாகலாம் என்பதால் மலப் பரிசோதனை செய்து புழு மருந்து கொடுத்தார்கள். வயதான பூனை நிறைய உண்டும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டு மிகைச் சுரப்பையும் நீரிழிவையும் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். செவலையிடம் நோய் எதுவும் இல்லை. அவனிடம் இருந்தது அவசரம் மட்டுமே.

முதலில் வாங்கியது வளைந்து வளைந்து செல்லும் வரப்புகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. முதல் வாரத்தில் அதே 25 கிராமுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. மூன்று வாரங்களில் அவன் வரப்புகளின் வழியைக் கற்றுக்கொண்டு இரண்டரை நிமிடத்திற்கு வந்துவிட்டான். ஆனாலும் பழைய வேகத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம்தான். இரண்டாவது மாதத்தில் அவனுடைய தாடையில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள் தோன்றின. அது தாடைப் பரு என்றும், கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் எண்ணெயும் கிருமியும் தங்கிவிடும் என்பதால் பீங்கானுக்கோ எவர்சில்வருக்கோ மாறிப் பார்க்கலாம் என்றும் மருத்துவர் கூறினார். மாற்றிய பிறகு சில வாரங்களில் புள்ளிகள் மறைந்தன. அதனால் பிளாஸ்டிக் தட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவதாக வாங்கிய பீங்கான் தட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் எடையினால் தரையில் நகர்வதில்லை என்பது முதல் நன்மை. வரப்புகளுக்குப் பதிலாக உருண்டையான குமிழ்கள் இருப்பதால் நாக்கும் மூக்கும் எல்லா இடத்திற்கும் எட்டுகின்றன. நாய்களுக்காகச் செய்யப்பட்ட ஆழமான தட்டுகளைப் பூனைக்கு வாங்கிவிடாதீர்கள்; அவற்றின் அடியில் கிடக்கும் உணவு எட்டாமல் பூனை எரிச்சலடையும், பெர்ஷியன் போன்ற தட்டை முகப் பூனைகளுக்கு அவை முற்றிலும் பொருந்தாது. நெத்திலியை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வைக்கும் நாள்களில் சோறு குமிழ்களின் இடுக்கில் ஒட்டிக் காய்ந்துவிடுவதால், உடனே ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கிறது.

எறும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் ஊரில் எறும்புதான் மெதுவான உணவுக்கு முதல் எதிரி. முக்கால் நிமிடத்தில் காலியான தட்டை எறும்பு கண்டுகொள்ளவில்லை. பதினைந்து நிமிடம் உணவு கிடக்கத் தொடங்கியதும் வரிசை கட்டி வந்துவிட்டது. ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி, நடுவில் தட்டை வைத்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

2022 அக்டோபரில் நாட்காட்டியில் ஐந்து கோடுகள் மட்டுமே இருந்தன. அப்போது இந்த அனுபவத்தை எழுதியிருந்தால், தட்டை வானளாவப் புகழ்ந்து முடித்திருப்பேன். அதன் மறுபக்கம் டிசம்பரில்தான் தெரிந்தது.

ஒரு மாலை பொட்டுவைத் தூக்கி மடியில் வைத்தபோது அவளுடைய முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. ஏப்ரலில் தடுப்பூசி போடப் போனபோது 3.9 கிலோ இருந்தவள் இப்போது 3.3 கிலோ இருந்தாள். சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை ஆகிய எல்லாப் பரிசோதனைகளும் இயல்பாகவே வந்தன. முடிவுகளைப் படித்து முடித்த மருத்துவர், "அவள் சாப்பிடும்போது கூடவே இருந்து பார்த்திருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டார். நான்கு தட்டுகளிலும் உணவை வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவது என் வழக்கம். திரும்பி வரும்போது நான்கும் காலியாக இருக்கும். நால்வரும் உண்டுவிட்டார்கள் என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

இரண்டு நாள்கள் கைப்பேசியைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தேன். செவலை தன் குமிழ்த் தட்டில் ஒரு நிமிடம் முயன்றுவிட்டு, அதை விட எளிதான தட்டு பக்கத்திலேயே இருப்பதைக் கண்டு பொட்டுவிடம் போனான். சீறல் இல்லை, அறைதல் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. அவன் வந்து நின்றதும் பொட்டு இரண்டடி பின்வாங்கி, கதவோரம் போய் அமர்ந்துகொண்டாள். அவளுடைய தட்டைச் சுத்தமாக முடித்த பிறகு அவன் தன் தட்டுக்குத் திரும்பினான். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கக்கிய பூனைக்காக அத்தனை செய்த நான், சத்தமில்லாமல் பட்டினி கிடந்தவளைக் கவனிக்கவில்லை. அவனுடைய தட்டைக் கடினமாக்கியதே அவனை அவளுடைய தட்டை நோக்கித் தள்ளியது.

பூனையின் முன்னோரான ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை தனித்து வேட்டையாடித் தனித்து உண்ணும் விலங்கு. ஓர் எலியில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரியை ஒட்டித் தேவைப்படும் என்பதால், இயற்கையில் அது நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பல முறை உண்ணும். கூட்டமாகக் கூடி ஒரே இரையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. அப்படிப்பட்ட உயிரை நாலு பேரோடு வரிசையில் அமர்த்திப் பந்தி பரிமாறுவது நமக்குப் பாசமாகத் தோன்றலாம். அதற்கோ, பக்கத்தில் இருப்பவன் பறித்துக்கொள்வதற்கு முன் விழுங்கிவிட வேண்டும் என்ற நெருக்கடிதான் தோன்றும். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2018இல் வெளியிட்ட உணவூட்டல் குறித்த அறிக்கையும், பல பூனைகள் உள்ள வீட்டில் ஒன்றையொன்று பார்க்காத தனித்தனி இடங்களில், சிறு சிறு அளவுகளாக, பல வேளைகளில் உணவளிக்கச் சொல்கிறது. மெல்லாமல் விழுங்குவது பூனைக்குக் குற்றமும் அல்ல. அதன் 30 பற்களில் மாட்டுக்கு இருப்பதைப் போன்ற அரைக்கும் பல் ஒன்றுகூட இல்லை.

2023 ஜனவரியில் இடங்களை மாற்றினோம். செவலைக்குப் படுக்கையறை, கதவு சாத்தியிருக்கும். பொட்டுவுக்குப் பழைய தையல் இயந்திர மேசையின் மேற்புறம். ஏறுவதற்குக் கீழே ஒரு முக்காலி. அல்லிக்குச் சமையலறை, மாரிக்கு வலை அடித்த பால்கனி. இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து, எல்லாத் தட்டுகளையும் எடுத்துவிடுவோம். இரண்டு வேளையாக இருந்ததை, நாளின் மொத்த அளவைக் கூட்டாமல், நான்கு வேளையாகப் பிரித்தோம். முதல் பத்து நாள்கள் செவலை கதவைப் பிராண்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது வாரத்தில் நான் டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்டதும் தானாகவே படுக்கையறைக்குள் போய் அமரத் தொடங்கினான். பிப்ரவரியில் நாட்காட்டியில் ஒரே ஒரு கோடுதான் விழுந்தது.

அப்போது ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு வாரம் முழுவதும் செவலைக்குக் குமிழ்த் தட்டை நிறுத்திவிட்டு, பூட்டிய அறைக்குள் சாதாரணத் தட்டில் அதே 25 கிராமை வைத்தேன். முன்பு முக்கால் நிமிடத்தில் விழுங்கியவன் இரண்டு நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொண்டான். இடையில் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்க்கவும் செய்தான். அவனுடைய அவசரத்தில் பெரும்பங்கு மற்றவர்கள் அருகில் இருந்ததால் வந்தது என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று தேவைப்படவில்லை. பல பூனைகள் உள்ள வீட்டில் முதலில் கதவைச் சாத்துங்கள், தட்டைப் பிறகு வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நடுப்பகல் வேளைக்காக வாங்கிய, நேரம் குறித்தால் தானே உணவைக் கொட்டும் கருவி எங்கள் வீட்டில் தோற்றுவிட்டது. ஒரு பூனை உள்ள வீட்டுக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம். இங்கே, உணவு விழும் ஓசைக்கு நால்வரும் ஒரே இடத்தில் கூடி, நாங்கள் பிரித்து வைத்த ஒழுங்கையெல்லாம் ஒரே நொடியில் குலைத்துவிட்டார்கள். செவலை குழாய்க்குள் கையை விட்டு உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கவும் பழகிக்கொண்டான். நவம்பர் மழையில் காற்றின் ஈரத்தால் உணவு நமுத்து, தூளோடு சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டதால் ஒரு நாள் மாலை வரை யாருக்கும் உணவு கிடைக்கவில்லை. அதை ஒற்றைப் பூனை வளர்க்கும் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். வாங்குகிறவர்கள், மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடுமா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மைக்ரோசிப்பைப் படித்து மூடியைத் திறக்கும் கருவியை 2024இல் பொட்டுவுக்காக வாங்கினோம். அவளுக்குச் சிறுநீரக நோயின் தொடக்கநிலை கண்டறியப்பட்டு, தனி உணவு தர வேண்டியிருந்தது. தோலுக்கடியில் செலுத்தப்படும், அரிசி அளவே உள்ள சிப்பின் 15 இலக்க எண்ணைக் கருவி நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பூனை தலையை நீட்டினால் மூடி திறக்கும், விலகினால் சில நொடிகளில் மூடிக்கொள்ளும். மூடி அசையும் ஓசைக்குப் பயந்தவளைப் பழக்க மூன்று வாரம் ஆயிற்று. முதலில் மூடியைத் திறந்தபடியே விட்டு, பிறகு சிறிது சிறிதாக அசையவிட்டோம். அவள் உண்ணும்போது செவலை பக்கவாட்டில் முகத்தை நுழைத்துவிடுவதால், மூன்று பக்கம் மறைத்த அட்டைப்பெட்டி ஒன்றினுள் கருவியை வைத்தோம். பின்புறம் திறந்திருந்தால் இந்தக் கருவியால் முழுப் பயன் இல்லை. விலை மிக அதிகம். மருத்துவ உணவு, அல்லது கதவு சாத்த வழியில்லாத சிறிய வீடு என்ற தேவை இருந்தால் மட்டும் வாங்கலாம்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு நான் முழுமனதோடு சொல்வது மினி இட்லித் தட்டு. எங்கள் வீட்டில் பயன்படாமல் கிடந்த எவர்சில்வர் தட்டின் ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று உருண்டைகளைப் போட்டு வைத்தேன். செவலைக்கு மூன்று நிமிடம் பிடித்தது. குழிகள் ஆழமற்றவை, கழுவுவது எளிது, தாடைப் பருவும் வரவில்லை. விளிம்பு கூராக இல்லை என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பீங்கான் தட்டுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

எந்தத் தட்டை மாற்றினாலும் முதல் சில நாள்கள் பூனை உண்கிறதா என்று கூடவே இருந்து பாருங்கள். கடினமான தட்டைக் கண்டு சலித்து, உண்ணாமலேயே விட்டுவிடும் பூனைகள் உண்டு. இரண்டு மூன்று நாள்கள் உணவில்லாமல் இருந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பூனையையும் எடை போடுவதை நான் இப்போது தவறவிடுவதில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் சில நூறு கிராம் வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது என்பதால், கைக்குழந்தைகளை எடை போடும் கருவி ஒன்றை வாங்கிவிட்டேன். மூன்று ஆண்டுகளில் நான் வாங்கிய எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது அதுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொட்டு 3.7 கிலோ இருந்தாள். நாட்காட்டியில் இந்த மாதம் கோடே இல்லை. நேற்றுக் காலை இருபது நிமிடம் கழித்துப் படுக்கையறைக் கதவைத் திறந்தபோது, செவலை ஜன்னல் திண்டில் படுத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் ஐந்தாறு உருண்டைகள் மிச்சம் இருந்தன.