இரண்டு குதிரைகள்: தனி ராஜாவா, சிப்பாயுடன் ராஜாவா?

சதுரங்கத்தில் ராஜாவும் இரண்டு குதிரைகளும் மட்டும் மிஞ்ச, இறுதி ஆட்டத்தில் நிற்கிறீர்கள். எதிரியிடம் ராஜா மட்டும் இருந்தால் கைகுலுக்கி டிரா செய்துகொள்ளுங்கள். அவராகத் தவறினால்தான் மேட், அதாவது ராஜா தப்ப வழியில்லாத முற்றுகை.

எதிரிக்கு ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தால் கதையே வேறு. கறுப்பு ராஜா எச்8 கட்டத்தில், வெள்ளை ராஜா எச்6, வெள்ளைக் குதிரைகள் இ7, இ5. நகர்த்த வேண்டியவர் கறுப்பு. தனி ராஜாவுக்கு நகர இடமில்லை. செக் இல்லை, நகரவும் வழியில்லை: இதுதான் ஸ்டேல்மேட். டிரா, அரைப் புள்ளி. அதே நிலையில் ஏ4-இல் ஒரு கறுப்புச் சிப்பாயை வையுங்கள். அது ஏ3-க்குப் போயே ஆக வேண்டும். உடனே இ5 குதிரை எஃப்7-க்குத் தாவுகிறது, மேட்! சொந்தச் சிப்பாயே ராஜாவுக்கு எமன். சதுரங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இதுதான்.

ஆனால் ராஜாவை மூலைக்குத் தள்ளும்வரை சிப்பாய் ஓடிவிடாதபடி, ஒரு குதிரை அதை முன்கூட்டியே மறித்து நிற்க வேண்டும். எதுவரை முன்னேறிய சிப்பாயை மறித்தால் வெற்றி நிச்சயம் என்று சதுரங்கப் புதிர்கள் அமைத்த ரஷ்யரான ட்ரொயிட்ஸ்கி கோடு வகுத்தார்: கறுப்புச் சிப்பாய்க்கு எல்லை ஏ4, பி6, சி5, டி4, இ4, எஃப்5, ஜி6, எச்4. அப்படியும் சில நிலைகளுக்கு 115 நகர்த்தல்கள்வரை தேவை. சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் 50 நகர்த்தல்கள் கடந்தால் டிரா கோரலாம் என்ற விதியால், எதிரி அதற்குள் தப்பிவிடலாம். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருந்தால் நான் முயலவே மாட்டேன்.