பெருஞ்சமரா, நல்லூரா, டிசெம்பரா: யாழ்ப்பாணத்துப் பள்ளித் தோழர் ஒன்றுகூடலுக்கு எந்த வார இறுதி?

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் ஒன்றாகப் படித்துவிட்டு, இன்று ரொறன்ரோ, இலண்டன், சிட்னி, கொழும்பு எனப் பிரிந்தும் ஊரிலேயே தங்கியும் வாழும் ஓர் உயர்தர வகுப்பு, இருபத்தைந்தாம் ஆண்டு அல்லது முப்பதாம் ஆண்டு ஒன்றுகூடலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முதலில் மூளும் விவாதம் திகதியைப் பற்றியதாகவே இருக்கும். மார்ச் மாதத்துத் துடுப்பாட்டப் பெரும்போட்டியோடு சேர்த்து வைக்கலாம் என்பார் ஒருவர். நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் குடும்பத்தோடு வருகிறோம், அப்போதே வைப்போம் என்பார் இன்னொருவர். டிசெம்பரை விட்டால் நீண்ட விடுமுறை இல்லை என்று அவுஸ்திரேலியாவிலிருந்து குரல் வரும். இவற்றுக்கிடையே, ஊருக்குப் போவானேன், ரொறன்ரோவிலேயே ஒரு மண்டபம் எடுத்துவிடலாமே என்ற நாலாவது யோசனையும் தலைகாட்டும்.

நாலாவதை முதலில் முடித்துவிடலாம். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு சனிக்கிழமை மாலை விருந்து மண்டபத்தில் கூடுவது கனடாவில் இருப்போருக்கு மிக எளிது. பாடசாலைக்குப் பணம் திரட்டவும் அது நல்ல வழிதான். ஆனால் ஊரில் இருக்கும் தோழருக்கு வருகை விசா கிடைக்குமா என்பது அவர் கையில் இல்லை. எழுபதைத் தாண்டிய ஆசிரியரை அவ்வளவு தூரம் அழைத்து வருவதும் நடக்கிற காரியமன்று. பழைய மாணவர் சங்கக் கிளைகள் ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விருந்தின் இன்னொரு பிரதியாகவே அது முடியும். ஊர் திரும்புவதுதான் நோக்கம் என்றால், போட்டி மற்ற மூன்று பருவங்களுக்கிடையேதான்.

மார்ச் மாதத்துக்கு இருக்கும் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிட முடியாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’, கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகில் உள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாட்கள் நடக்கும்போது, அந்த வட்டாரம் முழுவதுமே பழைய மாணவர்களின் கைக்குப் போய்விடுகிறது. பரி. பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் ‘பொன் அணிகளின் போர்’, யாழ். இந்துவும் கொக்குவில் இந்துவும் ஆடும் ‘இந்துக்களின் போர்’ ஆகியவற்றுக்கும் இதே போலக் கூட்டம் சேர்வதுண்டு. இத்தகைய வார இறுதியின் பெரிய வசதி, அதை யாரும் ஒழுங்கு செய்யத் தேவையில்லை என்பதுதான். திகதியைப் பாடசாலைகளே அறிவித்துவிடும், இடம் மாறாது, அழைப்பிதழ் வேண்டியதில்லை. சங்கத்துக்குச் சந்தா கட்டாதவரும், வகுப்புத் தோழரோடு பழைய மனத்தாங்கல் உள்ளவரும் கொடியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடலாம். தனி வகுப்பின் ஒன்றுகூடலில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: ஐந்து வருடம் மூத்த அண்ணாமாரும் ஐந்து வருடம் இளைய தம்பிமாரும் ஒரே கொட்டகையில் இருப்பார்கள். விமானச் சீட்டும் மார்ச் மாதத்தில் ஜூலை, ஓகஸ்டை விட மலிவாகக் கிடைக்கும்.

குறைகள் மைதானத்துக்குள் போனதும் தெரியத் தொடங்கும். பப்பரே வாத்தியம் முழங்கும் இடத்தில், முப்பது வருடம் காணாத ஒருவரிடம் ‘அம்மா எப்படி இருக்கிறா?’ என்று கேட்டுப் பதிலைக் காதில் வாங்க முடியாது. ஆட்டத்தைப் பார்க்கவே வந்தேன் என்று சொல்பவரிடம் ஓட்ட எண்ணிக்கையைக் கேட்கக் கூடாது என்பது வேறு விடயம். பங்குனி வெயிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நாள் முழுவதும் உட்கார வைக்க இயலாது. அதிபருக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் போட்டியே தலைக்கு மேல் வேலையாக இருப்பதால், தனி நிகழ்வுக்கு மண்டபம் கேட்பதும் அவர்களுக்குச் சங்கடம். 2025இல் சாதாரணதரப் பரீட்சை மார்ச் 17ஆம் திகதி தொடங்கியது போன்ற ஆண்டுகளில் பாடசாலை பரீட்சை நிலையமாகவும் மாறிவிடும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, குடும்பங்கள் வர முடியாமை. ஒன்ராறியோவில் மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகளுக்கு ஒரு வார விடுமுறை உண்டு. கட்டுநாயக்கவில் இறங்கி, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தரைவழி வந்து, அதே வழியில் திரும்புவதற்கே அந்த வாரத்தின் பாதி போய்விடும். இங்கிலாந்தில் ஈஸ்டர் வரை பொறுத்திருக்க வேண்டும். ஆகவே மார்ச் ஒன்றுகூடல் என்பது, பெரும்பாலும் வீட்டாரை விட்டுவிட்டு வரக்கூடிய ஆண்களின் ஒன்றுகூடல்தான். வேம்படி, உடுவில், சுண்டுக்குளி மகளிர் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு இந்தத் தெரிவில் சொந்தமாக எதுவும் இல்லை. கலவன் பாடசாலை வகுப்பொன்று மார்ச்சைத் தெரிவு செய்தால், தோழியர் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டே தெரிவு செய்ய வேண்டும்.

டிசெம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில் அது கோடை விடுமுறை. கிறிஸ்தவத் தோழர்களுக்கு நத்தார் வீட்டோடு கூடிய காலம். மார்கழியில் திருமணங்கள் இல்லாததால் மண்டபங்கள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் வடகீழ்ப் பருவமழை யாழ்ப்பாணத்தில் கொட்டித் தீர்ப்பதும் ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில்தான். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டுப் பிற்போடப்பட்டது. முற்றத்தில் கதிரை போட முடியாத ஒன்றுகூடலுக்கு விமானச் சீட்டின் உச்ச விலையைக் கொடுத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிட்னி, மெல்பேண் தோழர்கள் பெரும்பான்மையாக உள்ள வகுப்புக்கு மட்டும் இதை ஒரு தெரிவாக வைத்துக்கொள்ளலாம்.

நல்லூர்க் காலத்தின் கணக்கு சற்றுச் சிக்கலானது, அதனாலேயே பலர் அதைத் தவறாகப் போடுகிறார்கள். கந்தசுவாமி கோவில் மகோற்சவம் இருபத்தைந்து நாட்கள். அமாவாசையை ஒட்டி வருவதால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2023இல் ஓகஸ்ட் 21ஆம் திகதி கொடியேறி, செப்டெம்பர் 13ஆம் திகதி தேர் ஓடியது. அதற்குள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பாடசாலைகள் திறந்துவிட்டன. 2024இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1. 2025இல் கொடியேற்றம் ஜூலை 29, தேர் ஓகஸ்ட் 21. புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வாய்ப்பான ஆண்டு அதுதான். ‘ஓகஸ்டில் நல்லூரோடு வைப்போம்’ என்று பொதுவாகப் பேசி முடிவெடுத்துவிட்டு, பிறகு நாட்காட்டியைப் பார்ப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

திகதி பொருந்தினாலும், தேர்த்திருவிழா வாரத்தில் ஒன்றுகூடலை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோவிலைச் சுற்றிய வீதிகளில் போக்குவரத்துத் தடை இருக்கும். நகரத்து விடுதிகளில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரட்டிப்பாகிவிடும். வந்தவர்கள் காலைப் பூசைக்கும் மாலைத் திருவிழாவுக்கும் இடையில் உறவினர் வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு இன்னொரு சிக்கல். கொடியேறியது முதல் தீர்த்தம் வரை மீன், இறைச்சி என மச்சம் எதுவும் சேர்க்காத வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். ஒன்றுகூடலில் ஆட்டுக்கறி வைத்தால் பாதிப்பேர் கை வைக்க மாட்டார்கள். வைக்காவிட்டால் மீதிப்பேர் முணுமுணுப்பார்கள்.

அதனால் என் தெரிவு, கொடியேற்றத்துக்கு முந்தைய வார இறுதி. 2025ஐ எடுத்துக்கொண்டால் அது ஜூலை 26, 27. மேற்கு நாடுகளில் விடுமுறை தொடங்கிவிட்டது; ஊரில் இரண்டாம் தவணை இன்னும் முடியவில்லை. எனவே வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனையில் மாணவர்களோடு நிற்கலாம், சனிக்கிழமை மண்டபத்தைப் பயன்படுத்தலாம். 2019 வரை ஓகஸ்டில் நடந்துவந்த உயர்தரப் பரீட்சையும் இப்போது ஆண்டின் பிற்பகுதிக்குப் போய்விட்டதால் அந்த இடையூறும் இல்லை. ஆடியில் திருமணம் வைப்போர் குறைவாகையால் மார்கழியில் போலவே மண்டபமும் சமையற்காரரும் கிடைப்பர். நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் போட்டுக் காய்ச்சிய, காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியற்கூழை, பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கி, மரத்தடியில் நின்றபடி உறிஞ்சிக் குடிப்பதற்கும் இதுவே தக்க தருணம். பிளாவை இரு கையாலும் பிடிக்க வேண்டியிருப்பதால் அந்த நேரத்திலாவது கைத்தொலைபேசிகள் சட்டைப்பைக்குள் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்னதாக ஆடி அமாவாசை வரும். தந்தையை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து கீரிமலைக்குப் போவார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2024இல் அமாவாசை ஓகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. அத்தகைய ஆண்டில் இன்னும் ஒரு வாரம் முன்தள்ளிக்கொள்வதே முறை.

திகதி முடிவானதும் அடுத்த போட்டி, ஒவ்வொருவரும் இத்தனை வருடம் என்ன செய்தார்கள் என்பதை எப்படிப் பகிர்வது என்பதில் வரும். மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: வட்ஸ்அப் குழு, அச்சிட்ட நினைவு மலர், மேடையில் ஒலிவாங்கியைக் கைமாற்றி அறிமுகம் செய்துகொள்வது.

வட்ஸ்அப் ஆட்களைக் கண்டுபிடிக்க உதவுவது போல வேறெதுவும் உதவாது. ஆனால் அதில் வரும் செய்தி ஒரு குறிப்பிட்ட வகையானது: வீடு வாங்கியது, பிள்ளை பட்டம் பெற்றது, சுற்றுலாப் படம். அவற்றைப் போடுபவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். வேலை போனவரும் மணவாழ்க்கை முறிந்தவரும் அங்கே எதையும் எழுத மாட்டார்கள்.

மேடை அறிமுகம் எல்லோருக்கும் சம நேரம் தருவது போலத் தோன்றும், நடைமுறையில் அப்படியன்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஐந்து நிமிடம் பேசுவார். அடுத்து எழுந்தவர் ‘நான் இஞ்சதான் இருக்கிறன்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுவார். பாடசாலைக் கூரை ஒழுகியபோது அதிபரோடு ஏணி பிடித்தவரும், ஆசிரியர்களின் மரணச்சடங்குகளுக்கு நம் எல்லோர் சார்பிலும் போய் வந்தவரும் அவராகத்தான் இருப்பார். அதை அவர் சொல்ல மாட்டார். கேட்டு எழுத ஒருவர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் மலர் முந்துகிறது. செலவு அதிகம், நாலைந்து மாத வேலை, எழுதித் தருவதாகச் சொன்னவர்களைத் துரத்த வேண்டும் என்பவை உண்மையே. ஆயினும் மலருக்கு எழுதுபவர் ஒரு முறையாவது நிதானித்து எழுதுகிறார். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் விருப்பம். ‘தொழில், வசிக்கும் நாடு, பிள்ளைகள் எத்தனை’ என்று கட்டம் போட்ட படிவம் அனுப்புவது மட்டும் கூடாது. பலருக்கு அந்தக் கட்டங்களில் ஒன்றாவது வெறுமையாகவே இருக்கும். ஒருவருக்கு ஒரு பக்கம், சொந்த எழுத்து, விரும்பினால் படம் என்று விட்டுவிடுவது போதும்.

1995ஆம் ஆண்டை ஒட்டிய வகுப்புகளுக்கு மலர் வேண்டுமா என்று கேட்கவே தேவையில்லை என்பேன். அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பிரிந்த தோழர்களில் பலருக்கு, வகுப்புப் படமோ பிரியாவிடை வைபவமோ வாய்க்கவில்லை. சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை, சிலர் என்ன ஆனார்கள் என்பது வீட்டாருக்கே தெரியாது. அவர்களுடைய பெயர்களை மேடையில் வாசித்து இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது வழமை. மலரில் அவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பக்கத்து வாங்கில் இருந்தவரை எழுதச் சொல்வது அதை விட நல்லது. எழுதியதைக் குடும்பத்தாருக்குக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

செலவுப் பங்கைப் பொறுத்தவரை, கனடியத் தொகையையும் உள்ளூர்த் தொகையையும் ஒரே பட்டியலில் பெயரோடு போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, பொருளாளருக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போவதா, காரைநகர்க் கடற்கரைக்குப் போவதா என்பதை அன்று காலை முடிவு செய்தாலும் போதும். ஆசிரியர்கள் எத்தனை பேருக்கு மாடிப்படி ஏற முடியும், யாரை வீட்டிலிருந்து வாகனத்தில் அழைத்து வர வேண்டும், அதிபர் எழுத்தில் அனுமதி தந்துவிட்டாரா என்பவற்றை ஊரில் இருக்கும் இரண்டு மூன்று தோழர்கள் நேரில் போய்க் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு மற்றவர்கள் விமானச் சீட்டை எடுக்கலாம்.