சன்ரூம் கட்டிக் கொடுத்தவங்க வேலை எப்படி இருந்துச்சு
வீட்டோட ஒட்டி ஒரு சன்ரூம், அதாவது வெயில் உள்ள வர்ற மாதிரி கண்ணாடி போட்ட ரூம், வேணும்னு கேட்டப்ப அவங்க உடனே டிசைன் காட்டல, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை வந்து வெயில் எங்க விழுதுன்னு பாத்தாங்க, அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடிதான் வேணும்னு நான் அடம்பிடிச்சேன், சாயங்கால வெயில் தாழ்வா வரும், மேல ஷேட் போட்டாலும் நிக்காதுன்னு பொறுமையா சொல்லி மாத்த வெச்சாங்க, நல்லவேளை. கூரை பாலிகார்பனேட், அதாவது வெளிச்சம் உள்ள விடுற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடு கூடுனா சுமார் 8 மில்லிமீட்டர் நீளுமாம், அதுக்காக ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் பெருசா போட்டாங்க.

ஆனா வீட்டுச் சுவரும் கூரையும் சேர்ற இடத்துல ஃப்ளாஷிங் (தண்ணி உள்ள போகாம இடுக்கை மூடுற தகடு) சரியில்ல, முதல் மழையிலயே ஒழுகுச்சு, மூணு தடவை கூப்பிட்ட அப்புறம்தான் வந்து சரி பண்ணாங்க, அதுல ரொம்ப வருத்தம்.