ஓடிபி கேஒய்சியா, வீடியோ கேஒய்சியா?

கணக்குத் தொடங்குபவர் யார் என்று வங்கி சரிபார்ப்பதுதான் கேஒய்சி. கிளைக்குப் போகாமல் அதை முடித்துக் கணக்குத் தொடங்க ஆதார் ஓடிபி, வங்கி அலுவலரோடு வீடியோ அழைப்பு என்று இரண்டு வழிகள் உண்டு. சீக்கிரம் முடிவது ஓடிபிதான். ஆனாலும் என் ஓட்டு வீடியோவுக்கே. ரிசர்வ் வங்கியின் விதிகளைப் படித்தால் ஏன் என்று புரியும்.

ஓடிபியை மட்டும் வைத்துத் திறப்பது ஆளையே பார்க்காமல் திறக்கும் கணக்கு. அதனால் கட்டுப்பாடும் அதிகம். உங்கள் வைப்புகளின் மொத்த இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நிதியாண்டின் மொத்த வரவு 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏப்ரலில் இருந்து மாதம் 20,000 ரூபாய் சம்பளம் ஏறினாலே பதினோராவது மாதம் வரம்பு உடைந்துவிடும். கடன் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வரை டேர்ம் லோன் (குறித்த காலத்துக்குள் அடைக்கும் கடன்) மட்டுமே. இதே முறையில் வேறு வங்கியில் இன்னொரு கணக்கும் தொடங்க முடியாது.

இவற்றையெல்லாம்கூடச் சமாளிக்கலாம், ஓராண்டுக் கெடுவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அதற்குள் நேரிலோ வீடியோவிலோ முழு கேஒய்சி முடியாவிட்டால் வைப்புக் கணக்கை வங்கி மூடியாக வேண்டும். சம்பளம், யூபிஐ, இஎம்ஐ, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் மாதத் தவணை) எல்லாம் அந்தக் கணக்கு எண்ணோடு இணைந்திருக்கும். கணக்கு மூடினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். நடுவில் ஒரு தவணை திரும்பினால் அபராதம் வேறு.

2020 ஜனவரியில் அனுமதிக்கப்பட்ட வீடியோ கேஒய்சியை விதி நேரில் போனதற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன வரம்புகளோ கெடுவோ இதற்கு இல்லை. ஆனால் அழைப்பு முடிந்ததும் கணக்கு இயங்காது, தணிக்கை முடிந்த பிறகே இயங்கும்.

வீடியோவில் சிக்கல் வரும் இடங்கள் தெரிந்தவைதான். அசல் பான் கார்டைக் காட்ட வேண்டும். இ-பானைக் கோப்பாகவே கொடுக்கலாம், அதன் பிரிண்ட் அவுட் செல்லாது. ஆதார் எக்ஸ்எம்எல் கோப்போ (ஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளும் விவரக் கோப்பு) கியூஆர் கோடோ கொடுப்பதென்றால் அது மூன்று வேலை நாட்களுக்குள் உருவாக்கியதாக இருக்க வேண்டும். பழைய அட்டையில் உள்ள கியூஆர் இங்கேதான் தோற்கிறது. ஜிபிஎஸ் இயங்க வேண்டும், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன்னை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு ஐபி முகவரி தெரிந்தால் இணைப்பே கிடைக்காது. பக்கத்தில் ஒருவர் பதில் எடுத்துக் கொடுத்தால் நிராகரிப்புதான். அழைப்பு துண்டானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு தொல்லை: பானில் இனிஷியல் விரிந்தும் ஆதாரில் எழுத்தாக மட்டும் இருந்தும் பொருந்தாமல் போவதுண்டு. முன்பே திருத்தி வையுங்கள்.

ஆதாரே வேண்டாம் என்றால் அதற்கும் இடமிருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் முடக்கியது. 2019 திருத்தம் வங்கிகளுக்கு மறுபடி வழி திறந்தது, வாடிக்கையாளர் சம்மதித்தால் மட்டும். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகலாம்.

ஏற்கெனவே ஓடிபி கணக்கு வைத்திருப்பவர்கள் அதையே வீடியோ மூலம் முழு கணக்காக மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். பெயர் பொருந்தாமல் போனால் ஆதாரையோ பானையோ திருத்தி வாங்கவே நாள் பிடிக்கும்.