பழைய வானின் கியர் ஆட்டம்: ஒரிஜினல் புஷ்ஷா, லேத்தில் கடைந்ததா, கழற்றிய சாமானா?

கியர் விழவில்லை என்று சொன்னவுடன், வானுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் “கியர்பொக்ஸை இறக்கத்தான் வேணும்” என்கிற கராச்சிலிருந்து வானைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய வான்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது பெட்டி அல்ல, பெட்டிக்குப் போகிற வழி. சாரதி முன்னால் இஞ்சினுக்கு மேலே இருக்கிறார், கியர்பொக்ஸ் பின்னால் கிடக்கிறது. லீவரை நேராகப் பெட்டிக்குள் இறக்க இடமில்லாததால் நடுவில் ரொட்டுகளோ இரண்டு கேபிள்களோ ஓடுகின்றன. ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர் என்றால் ரொட்டும் மூட்டும் கூடுதல். மூட்டில் ஒரு இரும்புப் பின் (ஊசி), அதைச் சுற்றிப் புஷ் என்கிற சின்னக் குழாய்த் துண்டு. ஐந்தாறு மூட்டில் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் ஆட்டம் விழுந்தாலே, கைப்பிடியில் அது இரண்டு மூன்று சென்டிமீற்றராகிவிடும். பிறகு முதலாம் கியர் எங்கே, ரிவர்ஸ் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

வன்னியில் இந்தக் கேள்வி இப்போது நிறையப் பேருக்கு வருகிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. திறந்த பிறகும் விலை நமக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. அதனால் எண்பதுகள், தொண்ணூறுகளின் ஹயஸும் டெலிக்காவும் இன்னும் ஓடுகின்றன. பின் சீற்றைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து, காஸ் அடுப்பும் தண்ணீர்க் கானும் ஏற்றி, ஆவணியில் மடுவுக்கும் ஆடியில் கதிர்காமத்துக்கும் குடும்பமாகப் போகிற வான்களும் இதற்குள் உண்டு. பாரம் ஏற்றிய வானில் கியர் மாற்றுகிற வேலையும் கூட. கோடையில் கிறவல் றோட்டுச் செம்புழுதி, மாரியில் சேற்றுத் தண்ணீர். இரண்டும் போய்ச் சேருவது அந்த மூட்டுகளுக்குள்தான்.

எதை மாற்றுவது என்பதற்கு முன் எது பிழை என்று பார்க்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது சுகமாக விழுந்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், ரிவர்ஸ் கரகரத்தால், அது கிளச். கிளச் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் கீழ்ச் சிலிண்டரையும் பார்த்து, ஒயிலுக்குள் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் பல வேளை சரியாகும். புஷ்ஷுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நிறுத்தியிருக்கும்போதும் கியர் அகப்படவில்லை என்றால்தான் ரொட், கேபிள் பக்கம் போக வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் போட்டு, சைலன்சர் ஆறிய பிறகு ஒருவர் கீழே போகட்டும். மேலே இருப்பவர் லீவரை மெதுவாக அசைக்கும்போது எந்த மூட்டில் அசைவு தாமதிக்கிறது என்று விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம். பிறகு ரொட்டையோ கேபிளையோ கழற்றிவிட்டு, பெட்டியிலிருக்கும் சின்ன லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். எல்லாக் கியரும் அங்கே டக் டக்கென்று விழுந்தால் அந்தப் பெட்டியை யாரும் இறக்க வேண்டியதில்லை. ஓடும்போது கியர் தானாகக் கழன்றால், முதலில் கியர்பொக்ஸைத் தாங்குகிற றப்பர் மவுண்டைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் பெட்டியே முன்பின் அசைந்து கியரை இழுத்துவிடும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால் அது உள்ளே, கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்துகிற சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். அப்போது கராச்காரர் சொல்வது சரி.

மூட்டில்தான் ஆட்டம் என்று தெரிந்துவிட்டது. சரி, என்ன போடுவது?

கம்பனி புஷ் கிடைத்தால் அது நல்லதுதான். அளவு சரியாக இருக்கும், அதிர்வைக் குடிக்கும், லீவர் கிணுகிணுக்காது. சிக்கல் கிடைப்பதில். இந்த வயது வான்களுக்கு வவுனியாக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் நகல். நகல் றப்பர் இஞ்சின் சூட்டிலும் ஒயிலிலும் ஊறிக் கொஞ்ச நாளில் பிதுங்கிவிடும். கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் பழைய புஷ்ஷைக் கழற்றி அளந்து, உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் சொல்லியே கேளுங்கள். மொடல் பெயரை மட்டும் சொன்னால் வேறெதுவோ வந்து சேரும்.

லேத்தில் கடைவிப்பது நம் பக்கத்துக்கு ஒத்துவருகிற வழி, நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓடவிட்ட ஊரில் ஒரு புஷ் கடைவது பெரிய காரியமில்லை. கேள்வி எந்தப் பொருளில் கடைவது என்பது. நைலோன் மலிவு, சத்தமில்லை, கிறீஸ் இல்லாமலும் வழுக்கும். ஆனால் ஈரம் குடித்துச் சற்றுப் பருக்கும். கோடையில் இறுக்கமாகக் கடைந்து போட்டால் மார்கழியில் கியர் கல்லாக நிற்கும். “அண்ணை, கொஞ்சம் லூஸ் வைச்சுக் கடையுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தண்டு கிடைத்தால் இந்தப் பருக்கல் மிகக் குறைவு. பித்தளை சூட்டுக்குப் பயப்படாது, அதனால் சைலன்சருக்கு அருகிலுள்ள மூட்டுக்கு அதுதான். மற்ற இடங்களில் எனக்கு அதில் விருப்பமில்லை. புழுதி பித்தளையில் பதிந்து அரத்தைப்போல இரும்புப் பின்னைத் தின்னும், அதிர்வு முழுவதும் கைக்கு வரும், கிறீஸ் அடிக்கத் தவறினால் கீச்சிடும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் பின்னை விட்டுவிட்டுப் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண். பல வருடம் ஆடியதில் அந்தப் பின் உருளையாக இருக்காது, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். லீவரின் ஓட்டையும் முட்டை வடிவமாகியிருக்கும். பின்னுக்கு வெல்டிங் நிரப்பி மறுபடி கடைந்து, ஓட்டையை வட்டமாக்கி, அந்த அளவுக்குப் புஷ் கடைய வேண்டும். வேலைக்கூலி இதில்தான் ஏறும். ஏறட்டும். “புஷ் மாத்தியும் சரிவரேல்லை” என்று அலைகிறவர்களில் பலர் விட்ட இடம் இதுதான்.

மூன்றாவது வழி, உடைத்த வானிலிருந்து முழு செட்டாகக் கழற்றியது. கொழும்பில் பழைய வாகன சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்கலாம், வவுனியாவிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர். உங்கள் வான் எவ்வளவு தேய்ந்ததோ அதே அளவு தேய்ந்த சாமானைக் காசு கொடுத்து வாங்குகிற ஆபத்து இதில் உண்டு. ஆனால் வெடித்த பிறக்கெட், வளைந்த லீவர், யாரும் புதிதாகச் செய்யாத வார்ப்புத் துண்டு என்றால் வேறு வழியில்லை. வாங்கி வந்து அதற்கும் புஷ் கடைந்து போடுங்கள்.

கேபிள் வானுக்கு இந்தக் கணக்கு மாறும். ரொட்டின் நோய் ஆட்டம் என்றால் கேபிளின் நோய் இறுக்கம். உறை கிழிந்து தண்ணீர் உள்ளே போய் உள்கம்பி துருப்பிடித்திருக்கும். பழைய கேபிளை வாங்கிப் போடாதீர்கள், அறுந்ததை ஒட்டுவிக்கவும் வேண்டாம். புதியதுதான், அதையும் கூர்மையாக வளைக்காமல், சைலன்சரில் படாமல், பழையது போன வழியிலேயே கொண்டுபோக வேண்டும். ஆனால் நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ் மட்டும் உடைந்து லீவர் செத்துக் கிடந்தால் கேபிளை மாற்றத் தேவையில்லை, அந்தப் புஷ்ஷை லேத்தில் கடையலாம்.

ரொட்டின், கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற நட்டைத் திருகிச் சரிக்கட்டுவது கைச்செலவில்லாத வழி, கழன்று போன அளவைத் திரும்பக் கொண்டுவர நல்லது. தேய்மானத்தை மறைக்க அதைச் செய்தால் முதலாம் கியர் வரும், ரிவர்ஸ் போய்விடும். திருக முன் பெயின்ரால் அடையாளம் வையுங்கள். ஸ்டியரிங் கியரைத் தரைக் கியராக மாற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. படுக்கை போட்ட வானில் முன்னிருந்து பின்னுக்குப் போகிற இடைவெளியை அது அடைத்துவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபோக்ஸ்வாகன் கொம்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். அதில் இஞ்சின் பின்னால், தரைக்கு அடியில் முன்னிருந்து பின்வரை நீண்ட ரொட், அதன் பின் நுனியில் ஒரு இணைப்பு, நடுவில் புஷ். பிரேசிலில் 2013 வரை அந்த வான் தயாரானதால் புதிய புஷ்ஷும் இணைப்பும் வெளியில் இன்னும் விற்பனையில் உண்டு. எடுப்பித்துப் போடுங்கள், கடைவிக்க அலையாதீர்கள்.

எதைப் போட்டாலும் புழுதிக்கு றப்பர் உறை போடுங்கள், மூட்டுக் கழலாமல் குத்துகிற ஸ்பிளிற் பின்னைப் பழையதையே திருப்பிக் குத்தாதீர்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற 50 கிலோமீற்றரில் ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் அந்தப் பின் கழன்று விழுந்தால், யானை நடமாடுகிற நேரத்தில் கீழே படுத்துத் தேட முடியாது. வேலிக் கம்பித் துண்டும் சைக்கிள் ரியூப் கீற்றும் வானில் கிடக்கட்டும், அவை ஊர் வரை தாங்கும். அதுவும் இல்லையென்றால் இஞ்சினை நிறுத்தி, பெட்டியின் லீவரைக் கையால் இரண்டாம் கியரில் தள்ளிவிட்டு, கிளச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, அந்த ஒரே கியரில் மெதுவாக அடுத்த சந்தி வரை ஓட்டலாம்.