ஹேக் சட்டமா, ஜெனீவா சட்டமா?

போர்ச் சட்டம் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. எப்படிச் சண்டையிடலாம் என்று கேட்டது, நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்த ஹேக் மரபு. அடிபட்டு விழுந்தவனை என்ன செய்வது என்று கேட்டது, சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்த ஜெனீவா மரபு.

ஜெனீவா வழிதான் முந்தியது. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த காயப்பட்டவர்களைப் பார்த்து, சுவிஸ் வணிகர் ஹென்றி துனான் கலங்கிப்போனார். அவர் தொடங்கிய முயற்சியால் 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. மொத்தம் 10 பிரிவுகள்தான். எந்தத் தரப்பு வீரனானாலும் சிகிச்சை தர வேண்டும் என்றது.

ஹேக் மாநாடுகள் 1899, 1907 ஆண்டுகளில் நடந்தன. ஆயுதங்களுக்கும் தாக்குதல் முறைகளுக்கும் வரம்பு கட்டின. ஆனால் ஹேக் வழியின் பலவீனம் சீக்கிரமே தெரிந்தது. நச்சுவாயு பரப்பும் எறிகணைகளை 1899 பிரகடனம் தடுத்தது; 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரே அருகே ஜெர்மன் படை குளோரினை எறிகணையில் அல்ல, உருளைகளிலிருந்து திறந்துவிட்டது. ஆயுதத்தின் பெயரைச் சொல்லித் தடுத்தால் இப்படித்தான், அடுத்த வடிவம் தப்பிவிடும்.

மனிதனை மையமாக வைத்த ஜெனீவா வழிக்கு அந்தச் சிக்கல் குறைவு. 1949இன் நான்கு ஒப்பந்தங்கள் கைதிகளையும் பொதுமக்களையும் காத்தன. நான்கிலும் பொதுவாக உள்ள மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். அதைத்தான் நான் பெரிய பாய்ச்சலாக நினைக்கிறேன்.

சரி, ஹேக் வேண்டாமா? வேண்டும். குண்டு விழுந்த பிறகு மருத்துவம் மட்டும் போதாதே. ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட 1977இன் கூடுதல் நெறிமுறைகள் இரண்டு மரபுகளையும் பெருமளவு ஒன்றாக இணைத்தன.