பேருந்து நிலையப் பாலூட்டும் அறை: பத்து நிமிட நிறுத்தத்துக்கு எடுபடுமா?

பேருந்து நிலையத்தில் காசில்லாமல் கிடைப்பது அபூர்வம். அந்த அபூர்வங்களில் ஒன்று ‘தாய்மார்கள் பாலூட்டும் அறை’. 2015 ஆகஸ்ட் 3 அன்று, உலகத் தாய்ப்பால் வாரத்தில், அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 352 அறைகளைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் 7 அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் வந்தன. வங்கி பற்றி இன்னொரு நாள் பேசலாம். இது அறையைப் பற்றிய மதிப்புரை: யாருக்கு உதவுகிறது, யாருக்கு எட்டவில்லை, எங்கே பழுது.

முதலில் நேரக் கணக்கு. கைக்குழந்தை ஒரு தடவை பால் குடித்து முடிக்க 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுக்க ஐந்து நிமிடம். வழியில் உள்ள நிலையத்தில் வெளியூர்ப் பேருந்து நிற்பதோ பத்து நிமிடம், சில இடங்களில் அதுவும் இல்லை. மூட்டை முடிச்சை இருக்கையில் விட்டுவிட்டு, குழந்தையோடு இறங்கி, நிலையத்தின் மறுகோடியில் உள்ள அறையைத் தேடிப்போக எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? தனியாக வருபவருக்கு இது அறவே ஆகாது. ஆக, இந்த அறையின் உண்மையான வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: பயணத்தை அங்கே தொடங்குபவர்கள், பேருந்து மாறக் காத்திருப்பவர்கள். இந்த இரு வகைக்கும் இது அருமையான சேவை. அரை மணி முன்னதாக வந்து, வயிறு நிறையக் குடிக்க வைத்து ஏறினால் அடுத்த இரண்டு மணி நேரம் ஓரளவு நிம்மதி.

நெடுந்தூரப் பயணத்தில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர், பேருந்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை குடிக்கும். வழியில் மூன்று தடவையாவது கேட்கும். ஆனால் நெடுந்தூர வண்டிகள் பலவும் ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் போய், சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு மோட்டலில் நிற்கின்றன. அரசு கட்டிய அறை ஊருக்குள்ளே. தாய் இறங்குமிடம் நெடுஞ்சாலை ஓரத்தில். மோட்டல்களுக்கு நிறுத்த அனுமதி கொடுக்கும்போதே, கழிப்பறையோடு ஒரு தடுப்பறையையும் நிபந்தனையாக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

ஓடும் பேருந்திலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று மாமியார்கள் கேட்பார்கள். அவர்கள் சேலை கட்டியவர்கள். முந்தானைதான் அந்தக் காலத்துப் பாலூட்டும் அறை: போகிற இடமெல்லாம் கூடவே வரும், பூட்டும் கிடையாது. இன்றைய தாய்க்குப் பயண உடை சுடிதார். மேல்சட்டையைத் தூக்கித்தான் கொடுக்க வேண்டும், துப்பட்டா நழுவும், பக்கத்து இருக்கைக்காரரின் கையில் கேமராவோடு ஒரு செல்பேசி. உடையும் ஊரும் மாறியதில் போன மறைவைத்தான் அரசு நான்கு சுவராகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே திட்டத்தைப் பாராட்டலாம். பக்கவாட்டில் ஜிப் வைத்த பாலூட்டும் குர்த்தி இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதோடு அகலமான பருத்தித் துப்பட்டா ஒன்று இருந்தால் ஜன்னலோர இருக்கையே போதும்.

இனி அறைக்குள் போவோம். பெரும்பாலும் ஒரு சிமெண்ட் பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு கதவு. பெஞ்சுதான் பெரிய குறை. முதுகுச் சாய்மானம் இல்லாத பெஞ்சில் தாய் முன்னால் குனிவார். குனிந்தால் குழந்தை மார்பை விட்டுக் கீழே சரியும், காம்பு நுனியை மட்டும் கவ்வும். அப்படிக் குடித்தால் காம்பு வெடிக்கும், பாலும் சரியாக இறங்காது. சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போயிருந்தால்தான் சரியான பிடிப்பு. சிசேரியன் ஆனவர் குழந்தையை மடியில் கிடத்தினால் தையல் வலிக்கும். கக்கத்தில் இடுக்கிக்கொள்வதுபோல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு தலையணை வைக்க இடம் தேவை. சாய்வுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு முக்காலி, போதும். பெரிய செலவில்லை.

அடுத்தது பூட்டு. பூட்டிக் கிடக்கும் அறை, துடைப்பமும் வாளியும் குடியிருக்கும் அறை என்று செய்திகள் அவ்வப்போது வருகின்றன. காரணம் எளிது. திறந்து விட்டால் கண்டவர்கள் படுக்கிறார்கள். பூட்டினால் சாவி யாரிடம் என்று தெரியாது. உள்ளே மட்டும் தாழ்ப்பாள், வெளியே பூட்டே கூடாது, சுத்தம் செய்பவரின் பெயரும் நேரமும் கதவில். வேறு வழி இல்லை. கழிப்பறையை ஒட்டி அமைந்த அறையில் நாற்றத்தாலேயே யாரும் உட்கார மாட்டார்கள். கைகழுவக் குழாய் இருந்தால் நல்லது. ஆனால் குழாய் கசிந்து தரை வழுக்கினால் அதுவே ஆபத்து.

சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பால்பவுடர், பால்புட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்கின்றன. அறையில் அப்படி ஒரு சுவரொட்டி இருந்தால் அது சட்ட மீறல்.

சரி, இந்த அறைகளால் தாய்ப்பால் கொடுப்பவர்கள் கூடியிருக்கிறார்களா? 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 48.3 சதவீதம், 2019–21 ஆய்வில் 55.1. ஏறியிருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையைப் பேருந்து நிலையத்துக்குக் கொடுக்க முடியாது. இந்தியச் சராசரி 63.7, நாம் அதற்குக் கீழே. இத்தனைக்கும் இங்கே 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைப் பிரசவம். பால் குறைவது பயணத்தில் அல்ல, வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, பிரசவ அறை. அதே 2019–21 ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. மயக்கம், வலி, குழந்தையைத் தனியே வைப்பது எல்லாம் சேர்ந்து முதல் மணி நேரம் நழுவிப்போகிறது. அந்த இடைவெளியில்தான் புட்டி நுழைகிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் என்றால் தாய் விழித்திருப்பார். செவிலியர் ஒருவர் பிடித்துக்கொண்டால் முதல் மணிக்குள்ளேயே கொடுக்கலாம். ஆள் பற்றாக்குறைதான் தடை.

இரண்டு, வீடு. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து. இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி ‘பால் பத்தலை’ என்ற ஒரு சொல். குழந்தை சாயங்காலம் விடாமல் அழும், அடிக்கடி மார்பைத் தேடும், அது இயல்பு. பார்க்க வேண்டியது அழுகையை அல்ல. ஒரு வாரத்துக்குப் பின் நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பியதா என்பதைத்தான். இரண்டும் சரி என்றால் பால் போதும். ஒரு டின் வாங்கினால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பு குறையும், ‘பத்தலை’ என்பது மெய்யாகிவிடும்.

மூன்று, வேலை. அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டில் 12 மாத விடுப்பு. மகப்பேறு விடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ என்றால் குழந்தைகள் காப்பகம். கட்டடச் சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணையாக வரும். விடுப்பு வராது. அவர் வேலைக்குப் போகும் நாளில் வீட்டில் பாட்டி கையில் புட்டி இருக்கும். பால் எடுத்து வைக்கச் சொல்வது எளிது. 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் அது நான்கு மணி நேரம் தாங்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த நான்கு மணியை நம்ப முடியாது.

எங்கள் மதிப்பெண்: நோக்கத்துக்குப் பத்துக்கு ஒன்பது, இருக்கைக்கு மூன்று, பராமரிப்புக்கு ஊருக்கு ஊர் மாறும். போகிறவர்கள் ஒரு சிறு தலையணை, தண்ணீர் புட்டி, அகலத் துப்பட்டா எடுத்துப்போங்கள். குழந்தை குடிக்கும்போது தாய்க்குத் தாகம் எடுக்கும். அறைக்குள் போவதற்கு முன் டைம்கீப்பரிடம் வண்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடம் தாமதித்து எடுக்கச் சொல்ல அங்கே குரல் உள்ளவர் அவர்தான்.